புரை இருந்தது, புரை காரணமில்லை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் என்றொரு ஆள் இருப்பதே பலருக்குத் தெரியாது. மாத்திரை வாங்கும் வரிசைக்கும் ஊசி போடும் அறைக்கும் நடுவில் ஒரு சிறிய அறை இருக்கும். சுவரில் எழுத்து அட்டை, மேசையில் லென்ஸ் பெட்டி, சட்டைப்பையில் ஒரு டார்ச். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் என்று தருமபுரி மாவட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கண்ணாடிக்கு எண் எழுதித் தந்திருக்கிறேன், புரை முற்றியவர்களை முகாம் வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். மண்டைக்குள் முளைக்கும் கட்டியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், இதுதான் பதில்: மண்டை ஓட்டின் அடித்தளத்தில் வளரும் மெனிஞ்சியோமா உள்ளவர்களில் பலர் நரம்பியல் அறுவை நிபுணரைப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே என்னைப் போன்ற ஒருவரின் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருப்பார்கள். "கண்ணாடி மாற்றியும் தெளியவில்லை சார்" என்று சொல்லியிருப்பார்கள்.

என் அண்ணியும் அப்படித்தான் சொன்னார். ஆனால் என்னிடம் சொல்லவில்லை. வீட்டில் கண் பார்க்கிற ஆள் இருந்தால் அவனிடம் கடைசியாகத்தான் சொல்வார்கள்.

அண்ணியும் அண்ணனும் பாலக்கோடு பக்கம் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். புழு தோலுரிக்கும் நேரத்தில் படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவுவார்கள். அன்று தூவும்போது காற்று எதிர்த்து அடித்து, வலது கண்ணில் தூள் விழுந்துவிட்டது. கண்ணைக் கழுவிவிட்டு முந்தானையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்தவருக்கு எதிரில் இருந்த சந்திரிகை, அதாவது புழு கூடு கட்டும் மூங்கில் தட்டு, தெரியவில்லை. தட்டு இருக்கிற இடத்தில் ஒரு சாம்பல் நிறம் மட்டும் இருந்திருக்கிறது. சுண்ணாம்பு விழுந்தது வலது கண்ணில், தெரியாமல் போனது இடது கண்ணில். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்வரை நல்ல கண் கெட்ட கண்ணின் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடும். எத்தனை மாதமாக அந்தக் கண் அணைந்துகொண்டிருந்தது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

சுண்ணாம்புக்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். வலது கண் தப்பித்திருந்தது. இடது கண் பற்றிக் கேட்டபோது, "அது புரை தம்பி, முகாமில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், முற்றட்டும் என்றார்கள்" என்றார். அதற்கு முன்பு ஒரு கண்ணாடிக் கடையில் இரண்டு தடவை எண் மாற்றித் தந்திருக்கிறார்கள். புரை என்று சொன்னது பொய்யில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸின் ஓரத்தில் லேசான வெண்மை இருந்தது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய, வெயிலிலேயே வேலை செய்த கண்ணில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் அந்தப் புரைக்கு அவர் இன்னும் அட்டையில் பாதி வரிகளையாவது படித்திருக்க வேண்டும். அவரால் முதல் பெரிய எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. மங்கலுக்கும் புரைக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. கண்ணெதிரே ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் தேடுவதில்லை. இந்த நோய் ஒளிந்துகொள்வதே அப்படிக் கிடைத்துவிட்ட காரணங்களுக்குப் பின்னால்தான்.

ஊசித் துளை அட்டை வழியாகப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடிக் குறையாக இருந்தால் துளை வழியே கொஞ்சம் தெளியும். தெளியவில்லை. ஊசி மருந்துக் குப்பியின் சிவப்பு மூடி ஒன்று என் பெட்டியில் எப்போதும் கிடக்கும். அதை வலது கண்ணுக்குக் காட்டினேன். "சிவப்பு" என்றார். இடது கண்ணுக்குக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "செங்கல் மாதிரி, வெயிலில் வெளுத்த செங்கல்" என்றார். பார்வை நரம்பு நோகும்போது பல நேரங்களில் முதலில் வெளுப்பது சிவப்புதான்.

பிறகு டார்ச். இருட்டறையில் வலது கண்ணில் ஒளி பட்டால் இரண்டு கண்களின் பாவையும் சேர்ந்து சுருங்கும். அந்த ஒளியைச் சட்டென்று இடது கண்ணுக்கு மாற்றினால் பாவை சுருங்கியபடியே நிற்க வேண்டும். அண்ணியின் இடது பாவை ஒளி பட்டதும் விரிந்தது. திரும்ப வலது கண்ணுக்குக் கொண்டுபோனேன், சுருங்கியது. இடது கண்ணுக்கு வந்தேன், விரிந்தது. புரை எவ்வளவு முற்றினாலும் பாவை இப்படி நடந்துகொள்ளாது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கு டார்ச் இருந்தால் போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டுவிட்டால் இதைச் செய்யவே முடியாது. கூட்டம் நிறைந்த முகாமில் வந்தவுடன் சொட்டு விட்டு வரிசையில் உட்கார வைக்கும் வழக்கத்தின் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு, அது இதனால்தான்.

அடுத்து தருமபுரியில் பார்வைப் புலச் சோதனை. இயந்திரத்துக்குள் தாடையை வைத்து, நடுப்புள்ளியை விட்டுக் கண்ணை அசைக்காமல், அங்கங்கே மினுக்கும் வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அண்ணிக்கு அது பரீட்சை எழுதுவதுபோல இருந்தது. "தெரியாததற்கும் அழுத்திவிட்டேனோ" என்று வெளியே வந்ததும் கவலைப்பட்டார். இடது கண்ணின் தாள் ஏறக்குறைய முழுவதும் கறுப்பாக வந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். என்னைத் தூக்கிவாரிப் போட்டது நல்ல கண் என்று நாங்கள் நினைத்திருந்த வலது கண்ணின் தாள். அதில் வெளிப்பக்க மேல் மூலை மட்டும் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஓடும் கோட்டைத் தாண்டாமல் அங்கேயே நின்றிருந்தது.

கண் அழுத்த நோயில் பார்வை இழப்பு பெரும்பாலும் குறுக்குக் கோட்டை மதிக்கும். மேல்பாதி, கீழ்பாதி என்று பிரியும். நெட்டுக்கோட்டில் வந்து நின்றால் சிக்கல் கண்ணுக்குள் இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு பார்வை நரம்புகளும் மூளையின் அடியில் ஓரிடத்தில் கூடி, அவற்றின் இழைகளில் ஒரு பாதி பக்கம் மாறிப் போகின்றன. இடது நரம்பு அந்தச் சந்திப்பைத் தொடும் இடத்தில் எதுவோ அழுத்தினால் இடது கண் மங்கும், வலது கண்ணின் வெளிமேல் மூலையும் மங்கும். நோயாளி இதை உணரவே மாட்டார். அந்த ஒரு தாளைப் பார்த்தே எங்கே கட்டி இருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம். படிப்பில் இதை மனப்பாடம் செய்திருந்தேன். சொந்த அண்ணியின் பெயர் அச்சடித்த தாளில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

சேலத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிட்டு, கட்டியைப் படத்தில் வெளுத்துக் காட்டும் கடோலினியம் ஊசி போட்டு எடுத்தார்கள். ஊசி போடாமல் எடுத்த படத்தில் அந்தக் கட்டி மூளையின் சாம்பல் நிறத்தோடு கலந்து பிடிபடாமல் கிடந்தது. ஊசி போட்ட பிறகு எடுத்த படத்தில் பளீரென்று ஒரே சீராக வெளுத்து நின்றது. அதன் முன்பக்கம் எலும்பை ஒட்டிய உறையில் வால்போல ஒரு கீற்று மெலிந்து ஓடியது. கதிரியக்க மருத்துவர்கள் அந்த வாலைத்தான் முதலில் தேடுவார்கள். எல்லா மெனிஞ்சியோமாவுக்கும் அது இருப்பதில்லை, இருந்தால் சந்தேகம் வலுக்கும். அளவு இரண்டரை சென்டிமீட்டர். பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கும் பள்ளத்தின் முன்விளிம்பில் வேர் விட்டு, இரண்டு பார்வை நரம்புகளையும் மேல்நோக்கித் தள்ளியிருந்தது. இடது நரம்பு கண்குழிக்குள் நுழையும் எலும்புக் குழாய்க்குள்ளும் ஒரு நாக்கை நீட்டியிருந்தது.

மெனிஞ்சியோமா மூளைக்குள் பிறக்கும் கட்டியே அல்ல. மூளையைச் சுற்றியுள்ள உறைகளில், அரக்னாய்டு என்ற நடு உறையின் செல்களிலிருந்து பிறக்கிறது. மூளைக்கு வெளியே நின்று அதை அழுத்துகிறது. இந்தப் பெயரை 1922-ஆம் ஆண்டு சூட்டியவர் அமெரிக்க அறுவை நிபுணர் ஹார்வி குஷிங். அதற்கும் முன்பே, 1885-இல் ரோம் நகரில் பிரான்செஸ்கோ துராந்தே என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் மண்டை அடித்தளத்திலிருந்து இத்தகைய கட்டியை எடுத்து அவரைப் பிழைக்க வைத்திருக்கிறார். ஸ்கேன் இல்லை, எக்ஸ்ரேகூட இல்லை. மோப்பம் போயிருந்தது, ஒரு கண் பிதுங்கியிருந்தது, நினைவு தடுமாறியது என்ற அடையாளங்களை வைத்தே இடத்தைக் குறித்திருக்கிறார். பெரியவர்களுக்கு மண்டைக்குள் தோன்றும் முதல்நிலைக் கட்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுதான். பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம். ஐந்தில் நான்கு கட்டிகள் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் முதல் தரம், அதாவது மெதுவாக வளர்பவை, புற்றுநோய் அல்லாதவை. பல கட்டிகள் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. சில வளர்வதே இல்லை.

புற்றுநோய் இல்லை என்றதும் வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். மண்டையின் மேற்புறத்தில் இருந்தால் அந்த நிம்மதி பெரும்பாலும் நியாயம்தான். அடித்தளத்தில் அப்படி இல்லை. மூளையிலிருந்து முகத்துக்கும் கண்ணுக்கும் காதுக்கும் தொண்டைக்கும் போகிற நரம்புகளும், மூளைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளும் எலும்புத் துளைகள் வழியாக நுழைவதும் வெளியேறுவதும் அங்கேதான். ஒரு கட்டி சாதுவானதா என்பதைவிட யாருக்குப் பக்கத்தில் குடியேறியிருக்கிறது என்பதுதான் அங்கே முக்கியம்.

குடியேறும் இடத்தைப் பொறுத்து அது தட்டும் கதவும் மாறும். மூக்குக்கு மேலே வளர்ந்தால் மோப்பம் போகும். தாளிப்பு கருகுவது தெரியாது. பிறகு ஆள் மந்தமாகிவிடுவார், யாரோடும் பேசமாட்டார், மனச்சோர்வு என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்த இடத்துக் கட்டி பெரிதாகும்போது ஒரு கண்ணின் நரம்பு முனை வெளிறியும் மறு கண்ணின் முனை வீங்கியும் இருக்கலாம் என்று 1911-இல் ஃபாஸ்டர் கென்னடி எழுதிவைத்தார், இன்றும் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. கண்குழிக்குப் பின்னால் ஸ்பீனாய்டு எலும்பில் வளர்ந்தால் அந்த எலும்பே தடித்து, வலியில்லாமல் கண் பிதுங்கும். தைராய்டு என்று சோதிப்பார்கள். காது நரம்பை ஒட்டி வளர்ந்தால் ஒரு காது மட்டும் மந்தமாகும். போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சமாளிப்பார்கள். முகத்தின் உணர்வு நரம்பை அழுத்தினால் கன்னத்தில் மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கும், நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

எங்கள் மாவட்டத்துக்கென்று ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கழுத்தும் மண்டையும் சேரும் பெருந்துளையில் வளரும் கட்டி பின்கழுத்தில் வலி கொடுக்கும். ஒரு கை பலம் குறையும், பிறகு அதே பக்கத்துக் கால், பிறகு மறு பக்கத்துக் கால், கடைசியாக மறு கை என்று வளையமாகச் சுற்றிவரும். தருமபுரியில் கழுத்து இறுகி, கைகால் மரத்து ஒருவர் வந்தால் நம் மனம் உடனே புளோரைடு தண்ணீருக்குப் போய்விடுகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன்பு தலைமுறைக் கணக்கில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த ஊர்கள் இவை. புளோரைடு எலும்பைத் தடிக்கவைத்துத் தண்டுவடத்தை நெருக்குவதும் உண்மை. அதனாலேயே இங்கே ஒரு ஸ்கேன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பேன். ஊருக்கே தெரிந்த காரணத்தின் நிழலில் வேறொன்று சுலபமாக ஒதுங்கிக்கொள்ளும்.

உறவுக்காரர்களும் காரணம் தேடினார்கள். செல்போன் என்றார் ஒருவர், பூச்சிமருந்து என்றார் இன்னொருவர், சாமி கோபம் என்றார் ஒரு பெரியம்மா. உறுதியாகத் தெரிந்த காரணங்கள் சிலவே. சிறுவயதில் தலையில் கதிர்வீச்சுப் பட்டிருப்பது ஒன்று. தலைப் படர்தாமரைக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்ட இஸ்ரேல் குழந்தைகளிடம் பல பத்தாண்டுகள் கழித்து இது தெரியவந்தது. இன்னொன்று என்.எஃப். 2 என்ற பரம்பரைக் கோளாறு. சில புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்துகளை நெடுங்காலம் எடுத்துக்கொண்டால் ஆபத்து கூடுகிறது என்பது பிரான்ஸ் நாட்டு ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. தனி ஒருவருக்கு அந்த வாய்ப்பு மிகச் சிறியதுதான். அண்ணிக்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை. பெரும்பாலானோருக்கும் பொருந்துவதில்லை.

கத்தி வைப்பதற்கு முன்பு ரத்தத்தில் புரோலாக்டின் உள்ளிட்ட சுரப்பு நீர்களைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் பிட்யூட்டரிக் கட்டியும் வரும், அதில் புரோலாக்டின் சுரக்கும் வகை மாத்திரையிலேயே சுருங்கிவிடும். சி.டி. எடுத்து எலும்பு தடித்திருக்கிறதா என்று பார்த்தார்கள். ரத்தக்குழாய்களுக்குத் தனிப்படம் எடுத்தார்கள், கழுத்து வழியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி கட்டியை ஒட்டிப் போகிறதா, கட்டிக்குள் புகுந்து போகிறதா என்று தெரிய வேண்டும். கண்ணுக்குள் நரம்பிழை அடுக்கின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. சோதனையை நான் வற்புறுத்திக் கேட்டு எடுக்க வைத்தேன். சராசரி 100 மைக்ரானை ஒட்டி இருக்க வேண்டியது, இடது கண்ணில் வெகுவாக மெலிந்திருந்தது. வலது கண்ணில் ஏறக்குறைய முழுமையாக இருந்தது. இழை மெலியாமல் வெறும் அழுத்தத்தால் மங்கிய பார்வை, அழுத்தம் நீங்கினால் திரும்பும். மெலிந்துவிட்ட இழை திரும்புவதில்லை. அந்த ஒரு தாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்திருக்க வேண்டிய பேச்சு வேறு, நடந்த பேச்சு வேறு.

எங்கே போவது என்பதில்தான் பேச்சு எல்லாம் கழிந்தது. நாங்கள் எல்லையில் வாழ்கிறவர்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓசூர் தாண்டினால் பெங்களூரு, அங்கே மனநலத்துக்கும் நரம்பியலுக்கும் பேர்போன நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. பர்கூர் வழியே கிழக்கே போனால் வேலூர், இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கிய ஊர். தருமபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாய் இறங்கினால் சேலம். ஆளுக்கொரு திசை காட்டினார்கள். கடைசியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு மருத்துவமனையில் செய்வதென்று முடிவானது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அந்த அட்டையில் கிடைக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி அட்டையை முன்பே எடுத்து வைத்திருந்தது அண்ணிதான். அந்த வீட்டில் காகிதங்களுக்கு அவர்தான் பொறுப்பு.

அறுவை நிபுணர் ஒரு பெண். படத்தைத் திரையில் போட்டு எங்களை அருகில் வரச் சொன்னார். அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "முழுவதும் எடுத்துவிடுவீர்களா அம்மா?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. அண்ணியைப் பார்த்து, "இடது கண்ணில் எவ்வளவு திரும்பும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. வலது கண்ணை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த அறுவை சிகிச்சை" என்றார். அண்ணன் மறுபடியும் அதையே கேட்டார். "முடிந்தால் எடுப்பேன். தமனியிலோ நரம்பிலோ ஒட்டியிருந்தால் கொஞ்சம் விட்டுவிட்டு வெளியே வருவேன்" என்றார். வெளியே வந்ததும் அண்ணனுக்கு முகமே சரியில்லை. பாதியில் விடுகிற டாக்டரிடம் எதற்குப் போக வேண்டும் என்றார்.

எனக்கு அந்த மருத்துவரின் மேல் நம்பிக்கை வந்ததே அந்தப் பதிலால்தான். எவ்வளவு எடுத்தார்கள் என்பதற்கு 1957-இல் டொனால்ட் சிம்ப்சன் ஐந்து படிகள் வகுத்தார். முதல் படி, கட்டியோடு அது வேர்விட்ட உறையையும் கெட்டுப்போன எலும்பையும் சேர்த்து எடுப்பது. இரண்டாவது, கட்டியை எடுத்துவிட்டு வேர்விட்ட உறையைக் கருக்குவது. நான்காவது, ஒரு பகுதியை விட்டுவிடுவது. ஐந்தாவது, அழுத்தத்தை மட்டும் குறைப்பது. விட்டுவைத்தது கூடக்கூடக் கட்டி மறுபடியும் வளரும் வாய்ப்பும் கூடும் என்று அவர் காட்டினார். மேல்மண்டையில் முதல் படி எட்டக்கூடியது. அடித்தளத்தில், தமனி துளைத்துப்போகும் எலும்பையும் நரம்பு நுழையும் உறையையும் வெட்டியெடுக்க முடியுமா? சிம்ப்சன் அட்டவணை கட்டியைத்தான் அளக்கிறது. அதைச் சுற்றியுள்ள நரம்புகளில் எத்தனை உயிரோடு மிஞ்சின என்று அது கேட்பதில்லை. நான் கண்ணின் பக்கத்திலிருந்து பார்க்கிறவன், எனக்கு அந்தக் கேள்விதான் முதல் கேள்வி.

வழி இரண்டு இருந்தது. ஒன்று மூக்கு வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி, சைனஸ் எலும்பைத் துளைத்து, கட்டியைக் கீழிருந்து பிடிப்பது. நரம்புகளை நகர்த்தாமலே கட்டியின் வேரை முதலில் அடையலாம், வெளியே தழும்பும் இல்லை. ஆனால் மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியே ஒழுகும் அபாயம் உண்டு. மூக்கின் நடுச்சுவரிலிருந்து ரத்தக்குழாயோடு ஒரு சவ்வைத் திருப்பி அந்த ஓட்டையை மூடும் முறை 2006-க்குப் பிறகு பரவியதால்தான் இந்த ஒழுக்கு வெகுவாகக் குறைந்தது. மற்றது நெற்றிப்பொட்டுக்கு அருகில் எலும்பைத் திறந்து பக்கவாட்டில் போவது. அண்ணியின் கட்டி இடது எலும்புக் குழாய்க்குள் நுழைந்து, தமனியைத் தாண்டிப் பக்கவாட்டிலும் படர்ந்திருந்தது. அந்த வெளிப்புறம் மூக்கு வழிக்கு எட்டாது என்பதால் இரண்டாவது வழியைத் தேர்ந்தார்கள்.

உள்ளே நடந்ததைப் பிறகு அறுவை நிபுணரே எனக்கு விளக்கினார், கண் துறை ஆள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே. தலையை மூன்று ஊசிகள் கொண்ட சட்டத்தில் அசையாமல் பூட்டுவார்கள். முடிக்குள்ளேயே கீறி, எலும்பை ஒரு வில்லையாகத் திறந்து, மூளையைச் சுற்றியுள்ள நீரைக் கொஞ்சம் வடித்தால் மூளை தானே தளர்ந்து வழிவிடும். பிறகு நுண்ணோக்கி. கட்டியைத் தொடுவதற்கு முன்பு இடது நரம்பின் மேலிருந்த எலும்புக் கூரையை வைரமுனை டிரில்லால் சீவி எடுத்தார்களாம். டிரில் சூட்டிலேயே நரம்பு வெந்துவிடும், அதனால் இடைவிடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்கெனவே நெருக்குண்ட நரம்பை இறுக்கத்திலிருந்து முதலில் விடுவிக்காமல் கட்டியை இழுத்தால், இழுக்கிற இழுப்பிலேயே மிச்சப் பார்வையும் போய்விடும். அடுத்து, கட்டிக்கு ரத்தம் ஊட்டும் சிறு குழாய்களை அதன் அடியிலேயே கருக்கி, உட்சதையை ஒலியலைக் கருவியால் சிதைத்து உறிஞ்சுவது. பழுத்த மாம்பழத்தை உருட்டி, காம்பருகே துளையிட்டுச் சதையை உறிஞ்சிவிட்டால் தோல் தொய்ந்து உள்ளே மடங்குமே, அப்படிக் கட்டியின் மேலுறை மடங்கும்போதுதான் அதை நரம்பிலிருந்து உரிக்கிறார்கள். நரம்புச் சந்திப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் முடிபோன்ற தமனிகள் அந்த மேலுறையின்மேல் படர்ந்திருக்கும். அவற்றில் ஒன்று அறுந்தால், கட்டி போய்விடும், பார்வையும் போய்விடும்.

காலையில் உள்ளே போனவர் வெளியே வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கரோட்டிட் தமனியை ஒட்டி ஒரு மெல்லிய தகடு மட்டும் விட்டுவைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகான நாட்களை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் எழுதுகிறேன். இடது இமை வீங்கி மூடிக்கொண்டது, அறுவை நடந்த பக்கத்தில் அது இயல்பு. கன்னப்பொட்டுத் தசையை விலக்கித் தைத்திருப்பதால் வாய் திறக்க முடியவில்லை. பல வாரங்கள் ராகிக் களியை விழுங்க முடியாமல் கூழாகக் கரைத்துக் குடித்தார். ஸ்டீராய்டு மருந்தால் சர்க்கரை ஏறியது. சிறுநீர் அளவையும் ரத்தத்தில் சோடியத்தையும் அடிக்கடி பார்த்தார்கள், பிட்யூட்டரியின் காம்பு அருகில் இருப்பதால். வலிப்பு வராமல் இருக்க மாத்திரை. குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால், தொண்டையில் உப்புச் சுவை இறங்கினால், சளி என்று விடாமல் உடனே வரச் சொன்னார்கள். அப்படி எதுவும் நேரவில்லை. பயாப்சி முதல் தரம் என்று வந்தது.

வலது கண்ணின் அந்தக் கறுத்த மூலை, வீடு திரும்பிய பிறகு எடுத்த தாளில் மறைந்திருந்தது. இடது கண்ணில் கைவிரலை எண்ணும் அளவுக்கு வந்திருக்கிறது, சிவப்பு இன்னும் செங்கல்தான். பட்டுக்கூடு தரம் பிரிக்கும்போது கறை படிந்த கூட்டையும் இரட்டைக் கூட்டையும் அண்ணி முன்புபோலவே பொறுக்கி எறிகிறார். தட்டைக் கொஞ்சம் வலப்பக்கமாக இழுத்து வைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். இடது கண் புரையை எடுத்தால் பார்வை கூடாதா என்று தெருவில் ஒருவர் விடாமல் கேட்கிறார். கூடாது. நரம்புதான் வாசல், கண்ணாடியைத் துடைத்து என்ன பயன் என்று நான் சொன்னால் என்னை விசித்திரமாகப் பார்க்கிறார்.

மிச்சத் தகட்டைப் பற்றி வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை. அண்ணனுக்கு அதை உடனே கதிர்வீச்சால் சுட்டுவிட வேண்டும். காமா நைஃப், சைபர் நைஃப் என்று யூடியூப் பார்த்துப் பெயர்களை எல்லாம் தெரிந்துவைத்திருக்கிறார். முதல் காமா நைஃப் கருவியை 1968-இல் ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் உருவாக்கினார் என்பதுவரை சொல்கிறார். சிறிய கட்டிகளுக்கு அது நல்ல முறைதான், வளர்ச்சியைப் பெரும்பாலும் நிறுத்தும். ஆனால் ஒரே அமர்வில் இந்தக் கட்டிக்குக் கொடுக்கும் அளவு பொதுவாக 12 முதல் 15 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). பார்வை நரம்பு ஒரே அமர்வில் பத்திரமாகத் தாங்கும் என்று கொள்ளப்படுவது 8 கிரேயை ஒட்டித்தான். நரம்புக்கும் மிச்சக் கட்டிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியாவது இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். இடைவெளி போதாவிட்டால் சிறு சிறு அளவாகப் பிரித்து ஆறு வாரம்போல் தினமும் கொடுப்பார்கள். வளராத தகட்டுக்கு எதற்கு அந்தக் கதிர்வீச்சு என்கிறார் மருத்துவர். நானும் அந்தப் பக்கம்தான்.

அடுத்த எம்.ஆர்.ஐ. தை மாதத்தில். அதற்கு முந்தின வாரமே பார்வைப் புலத் தாளையும் எடுத்துவிட வேண்டும் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். படத்தில் தகடு கொஞ்சம் பெருத்துத் தெரிந்தால் அண்ணன் அன்றே கதிர்வீச்சுக்குத் தேதி கேட்பார். தாள் கையில் இருந்தால்தான் நான் பேச முடியும்.